ஜூன் 12, கீழக்கரையில் ஒரு பிலிப்பினோ இலைச் சாப்பாடு

ஜூன் 12 மதியம் கீழக்கரையில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி எழுதணும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடற்கரைக்குப் போகிற தெருவில் சாயங்காலமானால் பரோட்டாவும் ஆட்டுக்கால் பாயாவும் போடுகிற சின்னக் கடை, வருஷம் முழுக்க அவ்வளவுதான். ஜூன் 12 மதியம் மட்டும் அங்கே பிலிப்பினோ சாப்பாடு, அன்று பிலிப்பைன்ஸ் நாட்டின் சுதந்திர தினம் என்பதால். கடைக்காரர் 22 வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், கப்பலில் கூட இருந்தவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பினோக்கள். ஊருக்கே அவர் காக்கா, அதாவது அண்ணன், எனக்கும் காக்கா. "பேரைப் போட்டுறாத தம்பி, கூட்டம் வந்தா என்னால ஆக்கிப் போட முடியாது" என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. கடற்கரைத் தெருவில் கப்பல் காக்கா கடை என்று கேட்டால் காட்டுவார்கள்.

நான் தேவிபட்டினம். கத்தாரில் ஒன்பது வருஷம் ஒரு கட்டுமானக் கம்பெனி ஸ்டோரில் இருந்தேன், ஸ்டோரில் ஆறு பேர், அதில் நான்கு பேர் பிலிப்பினோக்கள். வயதில் மூத்தவரை அவர்கள் 'கூயா' என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். மூத்த பெண்ணை 'ஆத்தே'. கீழக்கரையில் காக்கா, ராத்தா என்று கூப்பிடுகிற மாதிரியே, சொந்தமோ இல்லையோ எல்லாரையும் அப்படித்தான். ஜூன் 12 வந்தால் ஸ்டோருக்குள் காலையிலேயே சட்டையில் சின்னக் கொடி குத்திக்கொண்டு வருவார்கள். பெரிய கொண்டாட்டத்தை அதை ஒட்டி வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைப்பார்கள், அன்றுதானே எல்லாருக்கும் லீவு. ஆண்கள் பாரோங் என்கிற மெல்லிய, உடம்பு தெரிகிற மாதிரி இழை ஓடிய நீளச் சட்டை, பெண்கள் தோளில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி விறைத்து நிற்கிற கை வைத்த கவுன், மூங்கில் கழிகளுக்கு நடுவே காலை மாற்றி மாற்றி வைத்து ஆடுகிற ஆட்டம், பாட்டு, அப்புறம் சாப்பாடு. ஒரு வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஞாபகத்தில்தான் போன வருஷமே காக்கா கடைக்குப் போக ஆசைப்பட்டேன், முடியவில்லை. இந்த வருஷம் மனைவி, எட்டாவது படிக்கிற மகள், நான், மூன்று பேராகப் போனோம்.

கல்லாப் பெட்டிக்கு மேலே கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய 5 பெசோ நோட்டு வைத்திருக்கிறார் காக்கா. பச்சை நிறம், மூலை மடிந்து போனது, இப்போது அது செல்லாது. முன்பக்கம் பிலிப்பைன்ஸ் விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோவின் முகம். நோட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி மகள் கேட்டதும் கண்ணாடியைத் தூக்கி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பின்பக்கம் ஒரு வீடு, கொடி, கீழே ஜனக்கூட்டம். காவித்தே மாகாணத்தில் கவித் என்கிற ஊரில் அகினால்டோவின் சொந்த வீடு அது. 1898 ஜூன் 12 அன்று அந்த வீட்டு ஜன்னலில்தான் ஸ்பெயினிடமிருந்து விடுதலை என்று அறிவித்துக் கொடியை விரித்தார்கள். முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட ஸ்பெயின். கொடியை ஹாங்காங்கில் தைத்தது மார்செலா அகொன்சில்யோ, சின்ன வயதில் இருந்த அவருடைய மகள், அப்புறம் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து எழுதிய எழுத்தாளர் ஹோசே ரிசாலின் மருமகள் முறையான ஒரு பெண். ரிசாலை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் ஸ்பானியர்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள், அவர் குடும்பத்துப் பெண்ணின் கையும் அந்தக் கொடியில் இருக்கிறது. இதெல்லாம் காக்கா இலை போடுவதற்கு முன்னால், ஒரு கையில் தண்ணீர் ஜக்கோடு நின்றபடி சொன்னது. மகளுக்கு வாய் மூடவில்லை.

எனக்குத் தெரியாமல் இருந்தது அடுத்த பாதி. கத்தாரில் ஒன்பது வருஷம் கூட இருந்தும் நான் கேட்டதில்லை. ஸ்பெயின் போனதும் சுதந்திரம் வந்துவிடவில்லை. அதே 1898 டிசம்பரில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் போட்டு, இரண்டு கோடி டாலர் வாங்கிக்கொண்டு ஸ்பெயின் அந்த நாட்டை அமெரிக்காவிடம் ஒப்படைத்துவிட்டது. அடுத்த வருஷமே அமெரிக்காவோடு சண்டை, தோல்வி. 1907-லிருந்து 1919 வரைக்கும் அந்தக் கொடியைப் பறக்கவிடுவதே குற்றம். கடைசியில் 1946 ஜூலை 4 அன்று, அதாவது அமெரிக்கா தன்னுடைய சுதந்திர தினம் கொண்டாடுகிற அதே தேதியில், அமெரிக்கா இவர்களுக்கும் சுதந்திரம் கொடுத்தது. பதினாறு வருஷம் ஜூலை 4-ஐத்தான் கொண்டாடினார்கள். 1962-ல் டியோஸ்டாடோ மகபகால் ஜனாதிபதியாக இருந்தபோது, போர் இழப்பீடாக வரவேண்டிய 7.3 கோடி டாலருக்கான மசோதாவை அமெரிக்க நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. அந்த மாதமே அவர் சுதந்திர தினத்தை ஜூன் 12-க்கு மாற்றிவிட்டார். 1964-ல் அது சட்டமும் ஆனது.

அந்த 1962 ஜூன் 12 விழாவுக்கு அகினால்டோவே வந்திருந்தார், 93 வயது. 29 வயதில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து அறிவிக்கச் செய்த நாளை நாடு திரும்ப எடுத்துக்கொண்டதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு வருஷத்தில் இறந்துவிட்டார். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டோரில் அந்த நாலு பேரும் சட்டையில் குத்திக்கொண்டு வந்தது அடுத்தவன் கொடுத்த நாளை இல்லை, தாங்களே சொன்ன நாளை. அது தெரிந்திருந்தால் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கை குலுக்கியிருப்பேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். காக்கா கடையில் அன்று தனித்தனி இலை கிடையாது. நான்கு மேஜையை ஒட்டிப் போட்டு, தலைவாழை இலைகளை நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி விரித்து, நடுவில் கரை கட்டின மாதிரி ஒரே நீளத்துக்குச் சோறு, அதன் இரண்டு பக்கமும் கறி, மீன், காய். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அவரவருக்கு முன்னால் இருப்பதைக் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டியது. பிலிப்பைன்ஸில் இது ராணுவத்திலிருந்து வந்த பழக்கம், அதிகாரியும் சிப்பாயும் ஒரே இலையில் சாப்பிடுவது, இப்போது வீட்டு விசேஷம், சுதந்திர தினம் எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். 'பூடுல் ஃபைட்' என்பார்கள். நமக்குக் கையால் சாப்பிடுவது புதிதில்லை, இலையும் புதிதில்லை, முன்பின் தெரியாதவரோடு ஒரே இலையில் கை வைப்பதுதான் முதலில் கொஞ்சம் கூச்சம். கீழக்கரைக்காரர்களுக்கு அதுவும் இல்லை, கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டே வளர்ந்தவர்கள். எங்கள் வரிசையில் அன்று பதினெட்டு பேர், அதில் ஏழு பேர் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், லீவில் வந்திருந்தவர்கள்.

இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மேஜை முனையில் நம் கொடியையும் பிலிப்பைன்ஸ் கொடியையும் காகிதத்தில் செய்தது சொருகினான். காக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "டேய், திருப்பு திருப்பு" என்று ஓடிவந்தார். அவர்கள் கொடியில் நீலம் மேலே, சிவப்பு கீழே. சிவப்பு மேலே வந்தால் நாடு போரில் இருக்கிறது என்று அர்த்தம், கொடியையே தலைகீழாகப் பிடித்துச் சேதி சொல்கிற நாடு அது. ஒரு ஓரத்தில் வெள்ளை முக்கோணம், அதில் எட்டுக் கதிர் சூரியன், ஸ்பெயினை எதிர்த்து முதலில் எழுந்த எட்டு மாகாணங்கள். மே 28-லிருந்து ஜூன் 12 வரை அங்கே வீடு, அலுவலகம் எல்லாவற்றிலும் கொடி தொங்கும் என்று ஸ்டோரில் கூட இருந்த என் கூயா எனக்குச் சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்வார், அன்றைக்கு அரசாங்கமே ஊர் ஊராக வேலைவாய்ப்பு முகாம் நடத்தும், அவர் தங்கை துணிக்கடை வேலைக்குச் சேர்ந்ததே ஒரு ஜூன் 12-ல்தான்.

முதலில் அடோபோ. இதற்காகவே போகலாம். கோழி, பூண்டு, மிளகு, சோயா, பிரிஞ்சி இலை, காடி என்கிற வினிகர், வேறு எதுவும் இல்லை, மிளகாய்த்தூள் மஞ்சள்தூள் கிட்டே வரக்கூடாது. காடியைக் காக்கா கடையில் வாங்குவதில்லை, தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டு ஜாடியில் வாய்கட்டிப் புளிக்க வைக்கிறார், அங்கேயும் தென்னையிலிருந்து எடுக்கிற காடி உண்டு. அடுப்பங்கரைக்குள் போய்ப் பார்த்தேன். காடியை ஊற்றினதும் கரண்டி போடப் போன பையன் கையைப் பிடித்துவிட்டார். ஒரு கொதி வருகிற வரைக்கும் கிண்டவே கூடாது, கிண்டினால் பச்சை வாடை போகாது, கூடச் சமைத்த பிலிப்பினோ சீஃப் குக் முதல் நாளே அடித்துச் சொல்லிக்கொடுத்தது அதுதானாம். நின்று பார்த்தேன், முதலில் மூக்கில் ஏறி கண் எரிகிற நெடி, ஐந்து நிமிஷத்தில் அது அடங்கி, பூண்டும் நெய்யும் கலந்த மாதிரி ஒரு மணம், அடியில் குழம்பு தேன் பதத்துக்கு வற்றிக் கறுத்துக் கோழித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. சோற்றில் அந்தக் கறுப்பு எண்ணெய் ஒரு கரண்டி விழுந்தால் போதும். உப்பும் புளிப்பும் இருப்பதால் சீக்கிரம் கெடாது என்கிறார், அதனால்தான் கப்பல்காரர்களுக்கு அது உயிர். 

அடுத்தது சினிகாங். புளித்தண்ணீரில் முள்ளங்கி, கத்தரிக்காய், வெண்டைக்காய், வள்ளைக்கீரை, நீளப் பச்சை மிளகாய், மீன் தலை. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இது புளியாணம்ல" என்றாள். பக்கத்தில் இருந்த கீழக்கரை ராத்தா ஒருத்தர் உடனே, "ஆமாம்மா, எங்க புளியாணம்தான், தாளிக்கல, அவ்வளவுதான்" என்று சேர்ந்துகொண்டார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, நாட்டுப்படகில் வந்த மீன்தான். அன்று கிடைத்தது விளமீன் தலையும் கொஞ்சம் பாறை மீனும். விலை ஏறியிருந்தும் மீனில் காக்கா கை வைக்கவில்லை, தலை முழுசாகவே கிடந்தது.

சுட்ட கோழியும் நன்றாக இருந்தது. பிலிப்பினோ விருந்து என்றால் முழுப் பன்றியைக் கரியில் உருட்டிச் சுடுவதுதான் பிரதானம், காக்கா கப்பலில் இருந்தபோதும் அந்த வேலையைக் கூட இருந்தவர்தான் பார்ப்பாராம். இங்கே அதற்குப் பதில், வயிற்றில் எலுமிச்சைப் புல் திணித்த முழுக் கோழி. லும்பியா என்கிற குச்சி மாதிரி மெல்லிய உருளைகள் சூடாக வந்ததும் குழந்தைகள் பக்கம் போய்விட்டன, எனக்கு ஒன்றுதான் கிடைத்தது.

ஆனால் என்னை உலுக்கினது ஒரு சின்னக் கிண்ணம் பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற கடல் பாசி, நம் பெண்கள் தண்ணீரில் நின்று கட்டுவது, காயவைத்து ஆலைக்குப் போவது. கப்பாபைகஸ் என்கிற அந்தப் பாசியை 1970-களில் பெரிய அளவில் வளர்க்கத் தொடங்கினது பிலிப்பைன்ஸில்தான், விதைப்பாசியின் பூர்வீகமும் அந்த நாடுதான். மண்டபத்தில் இருக்கிற மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் வளர்த்துப் பார்த்து, அப்புறம் நம் கரைக்கு வந்தது. அங்கே அதைத் தின்கிறார்கள். வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் பழுப்பு நிறம் போய்ப் பச்சென்று மாறிவிடுகிறது, அதில் தக்காளி, சின்ன வெங்காயம், இஞ்சி, எலுமிச்சம்பழம். கடித்தால் நெறுக்கென்று உடைந்து உப்புத் தண்ணீர் வருகிறது. எங்களுக்கு எதிரே மண்டபத்திலிருந்து வந்திருந்த ஒரு பாசி கட்டுகிற அக்கா உட்கார்ந்திருந்தார், காக்காவுக்குப் பாசி கொடுத்ததே அவர்தான். கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பன்னெண்டு வருஷமா கட்டுறேன், நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா அறுக்குறேன், ஒரு நாள் வாயில வச்சதில்ல" என்றார். அப்புறம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 

இனிப்புக்கு தொதல். கீழக்கரைத் தொதலேதான், அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ முஸ்லிம்கள் இதே பேரில் இதே பண்டத்தைக் கிண்டுகிறார்கள், பொஹோல் தீவில் 'கலமாய்' என்று தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்து விற்கிறார்கள். காக்காவும் சிரட்டையில்தான் வைத்துக் கொடுத்தார். என் அம்மா வீட்டில் கிண்டினால் இரண்டு மணி நேரம் யாரையும் அடுப்பைவிட்டு நகர விடமாட்டாள், அந்தப் பதம் இதில் இருந்தது, விரலில் ஒட்டவில்லை, எண்ணெய் பிரிந்து பளபளத்தது.

குறையும் சொல்லணும். பச்சை மீனைக் காடியில் ஊறப்போட்டுத் தருகிற கினிலாவ், ஜில்லென்று இருந்தால்தான் அது. ஜூன் வெயிலில் இலையில் எல்லாவற்றோடும் சேர்த்து வைத்துவிட்டதால் எனக்கு வரும்போது வெதுவெதுப்பாக இருந்தது. நான் சாப்பிடவில்லை, மகளையும் சாப்பிட விடவில்லை. பச்சை மீனில் இந்த அலட்சியம் கூடாது, ஐஸ் பெட்டியிலிருந்து கடைசியில் எடுத்து, கேட்டவருக்கு மட்டும் கொடுக்கலாம், காக்காவிடமே சொன்னேன், சரி என்றார். பன்சித் என்கிற நூடுல்ஸ் அங்கே ஆயுள் நீளணும் என்று விசேஷத்துக்குச் செய்வது, நீளமாகவே இருக்கணும், வெட்டக்கூடாது. இங்கே குழைந்து துண்டு துண்டாகப் போயிருந்தது, சோயாவும் கூடிவிட்டது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாசியும் சோறும் தொதலும் தவிர ஒன்றுமில்லை. மின்விசிறி இரண்டே இரண்டு, கை கழுவ ஒரே குழாய். பந்தி முடிந்து எல்லாரும் சேர்ந்து எழுந்ததில் பதினைந்து நிமிஷம் ஈரக் கையோடு நின்றோம்.

தலைக்கு 350 ரூபாய், பத்து வயதுக்குக் கீழே பாதி. அந்த மீனுக்கும் கோழிக்கும் இது அதிகமில்லை, ராமநாதபுரத்தில் இந்தக் காசுக்கு ஒரு பிரியாணியும் குளிர்பானமும் வரும். ஜிபே உண்டு. பரிமாறுகிறவர்கள் காக்காவின் மகனும் இரண்டு பையன்களும், கேட்காமலே சோறு வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தோஹாவில் இருக்கிற என் கூயாவுக்கு வீடியோ கால் போட்டேன். அன்று அவருக்கு டூட்டி, மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தார். எடுத்ததும், "குமாயின் கா நா?" என்றார். சாப்பிட்டியா என்று அர்த்தம், அவர்களும் நம்மைப் போல அதைத்தான் முதலில் கேட்பார்கள். போனை மேஜை நீளத்துக்குக் காட்டினேன். இலை, சோறு, முனையில் கொடி. நீலம் மேலே இருக்கிறதா என்று திரையைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, அப்புறம் பேசவே இல்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் அரசாங்கம் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களைப் புதிய வீரர்கள் என்று சொல்லும். அந்த வீரருக்கு அன்று அங்கே கோழிக் குழம்பும் குப்பூஸ் ரொட்டியும். காக்கா போனை வாங்கி அவர்கள் பாஷையிலேயே ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "லீவுல வர்றப்போ தம்பியோட இங்க வா, அடோபோ உங்க அம்மா வச்ச மாதிரி இருக்காது, ஆனா கிண்டல" என்றாராம்.

போக நினைப்பவர்கள் ஜூன் 10-க்குள் கடையில் நேரில் போய்ச் சொல்லி வைக்கணும். ஒரு பந்திதான், பன்னிரண்டரைக்கு இலை போடுவார்கள், ஒன்றேகாலுக்கு மேல் போனால் அடோபோ இருக்காது. பார்சல் கேட்காதீர்கள், கொடுக்கமாட்டார்.